பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்

"மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதும் காதில் குரல் கேட்கிறதெல்லாம் நின்னு போச்சு. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கிடையாது. கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பான். திமிர், வேறென்ன?"

மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர் என்னிடம் இப்படிக் குறைப்பட்டதுண்டு. திமிர் இல்லை அம்மா, அதுவும் நோயின் ஒரு முகம்தான். மூளைக்குள்ளேயே அதற்குக் காரணம் தேடியிருக்கிறார்கள்.

நம் மூளையில் ஏறக்குறையப் பாதி, 'வெண்பொருள்' எனப்படும் நரம்பு இழைகள். ஒரு பகுதியின் செய்தியை இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோவது இவற்றின் வேலை. கரண்ட் ஒயருக்கு ரப்பர் உறை போல, இவற்றுக்குக் கொழுப்பாலான மயலின் உறை. வெளுப்பு நிறமும் அதனால்தான். உறையில்லாத இழையில் செய்தி விநாடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால், நல்ல உறையுள்ள தடித்த இழையில் 100 மீட்டர் பறக்கும்! நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில் இந்த உறை முழுமை பெற 20 வயதுக்கு மேலாகிறது. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதையொட்டித்தான்.

2018-ல், பல நாடுகளின் 29 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, நோயுள்ள 1,963 பேரின் ஸ்கேன் படங்களை நோயில்லாத 2,359 பேருடைய படங்களோடு ஒப்பிட்டார்கள். நோயுள்ளவர்களின் வெண்பொருளில், பல இடங்களில், இழைகளின் ஒழுங்கு சராசரியாகக் குறைந்திருந்தது. 'சராசரி' என்பதைக் கவனியுங்கள். தனி ஒருவரின் ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவு கட்ட முடியாது. அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

விருந்தாளி வந்தால் முகத்தை அடையாளம் காண வேண்டும், குரலில் இருப்பது கேலியா கோபமா என்று பிடிக்க வேண்டும், பதிலைத் தேட வேண்டும், சிரிக்கவும் வேண்டும். மூளையின் நாலு மூலையும் கலந்து பேசினால்தான் இதெல்லாம் நடக்கும். இணைப்பு தளர்ந்திருந்தால், 'வாங்க' வாய்க்கு வருவதற்குள் வந்தவர் கூடத்தைத் தாண்டிவிடுவார். வெண்பொருள் மட்டுமே காரணமில்லை. மருந்தின் மந்தம், வேலையில்லாத ஏக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

1948-ல் அமெரிக்காவில் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்றே எழுதினார். அவரும் ஒரு பெண்! எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! அந்தக் கருத்து எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. நம் ஊர் மாமியார்களுக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை.

ஆனால் ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்பது உண்மை. "பால் வாங்கு, வரும்போது இஸ்திரித் துணியை எடுத்துக்கோ, அப்படியே கரண்ட் பில்லையும் கட்டிடு" என்று அடுக்காதீர்கள். "பால் வாங்கிட்டு வாப்பா" போதும். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். பேச்சு குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றிப் பார்ப்பார். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' போன்ற இடங்களில், மருந்தோடு வேலைப் பயிற்சியும் உண்டு. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள், 14416 என்ற அரசாங்க எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.