சிரக்யூசில் மறைந்த நிலவு

பழங்காலக் கிரேக்கத்தின் குறிசொல்வோரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'மூடர்களை ஏய்த்துப் பிழைத்த கூட்டம்' என்று தள்ளிவிடுவது விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு எளிது. ஆனால் சரியானதன்று என்பது என் கருத்து.

'மாண்டிஸ்' என்று கிரேக்கர் அழைத்த குறிசொல்வோன், பலியிட்ட விலங்கின் ஈரலைப் பார்த்தும் பறவைகள் பறக்கும் திசையைக் கொண்டும் நிமித்தம் கூறியவன். படைகளோடு கூடவே சென்றவன். கி.மு. 401-இல், பத்து நாளைக்குள் போர் வராது என்று சொன்ன சிலானஸ் என்பவனுக்கு, சொன்னது பலித்ததும் பாரசீக இளவரசன் சைரஸ் 3,000 பொற்காசுகள் வழங்கினான் என்று செனபோன் எழுதுகிறார். (நல்ல வருமானந்தான்!) ஆனாலும் அவன் ஆலோசகனே, ஆணையிடுபவன் தளபதி. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

கி.மு. 413 ஆகஸ்டு 27. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரைப் பிடிக்கச் சென்று தோற்றுத் தளர்ந்த ஏதென்ஸ் படை, இரகசியமாகக் கப்பலேறித் தப்பிவிட ஆயத்தமாக இருந்தது. அன்று முழுநிலவு. திடீரென்று கிரகணம் பிடித்தது! வீரர்களில் பெரும்பாலோர் அஞ்சினர்; பொறுத்துப் போகலாம் என்று தளபதிகளை வற்புறுத்தினர். 'மும்முறை ஒன்பது நாட்கள் காத்திருக்க வேண்டும்' என்றனர் குறிசொல்வோர். அந்த 27 நாளும் கழியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே இயலாது என்றுவிட்டான் தளபதி நிசியாஸ். பகைவர் அவ்வளவு நாள் சும்மா இருப்பார்களா? ஏதென்ஸின் கப்பற்படை துறைமுகத்திலேயே முறியடிக்கப்பட்டது. தரைவழியே ஓடியவர்களும் சிக்கினர். குறைந்தது 7,000 பேர் கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் அடைக்கப்பட்டனர். வெயிலிலும் பசியிலும் பலர் மாண்டனர். நிசியாஸும் கொல்லப்பட்டான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோற்றுத் திரும்பினால் ஏதென்ஸ் மக்களே தனக்கு மரண தண்டனை விதிப்பார்கள் என்று கிரகணத்துக்கு முன்பே அஞ்சியவன் நிசியாஸ். தங்கிவிடக் காரணம் தேடிய நெஞ்சுக்கு நிலவு ஒரு சாக்காகக் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன். தப்பியோடுவோருக்கு இருள் நல்ல நிமித்தமே என்று பிற்காலத்தில் ஃபிலோகோரஸ் எழுதினார். அவரும் குறிசொல்வோர்தாம்! ஒரே கிரகணத்துக்கு இரண்டு பலன்கள் இருக்குமானால், தேர்ந்தெடுத்தவன் பொறுப்பு எங்கே போகும்?

இன்னொரு குற்றவாளியும் உண்டு. நிலவுக்குச் சொந்த ஒளியில்லை, பூமியின் நிழலே அதனை மறைக்கிறது என்று அனக்சகோரஸ் முன்னரே ஏதென்ஸில் விளக்கியிருந்தார். பரிசு என்ன? தெய்வநிந்தை வழக்கு! அவர் நகரைவிட்டு நீங்கி லாம்ப்சகஸில் உயிர்நீத்தார். அவருடைய கொள்கை சிலரிடையே மட்டும் இரகசியமாக உலவியது என்கிறார் புளூட்டார்க். வகுப்பறையில் நமக்கு ஐந்து நிமிடப் பாடமாகிவிட்ட அந்த விளக்கம், சிரக்யூஸ் துறைமுகத்தில் துடுப்பு வலித்தவனுக்கு எட்டவேயில்லை. அவனை மூடன் என்று நகைக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. கிரகணத்தின் காரணத்தை எவரும் அவர்களுக்குச் சொன்னதுமில்லை. அவர்களை நான் மூடர் என்பேனா?

தோல்விச் செய்தி எட்டியதும் ஏதென்ஸ் மக்கள் குறிசொல்வோர்மீது சீறினார்கள்; படையெடுப்பைத் தூண்டிய பேச்சாளர்களையும் ஏசினார்கள். அந்தப் படையெடுப்புக்கு வாக்களித்தவர்கள் தாங்களே அல்லர் என்பதுபோல் நடந்துகொண்டார்கள் என்று துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார்.