எல்லா கிளிப்புக்கும் ஒரே கலரா?

வீடியோ எடிட்டிங் பழகுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த வசதி எது என்று கேட்டால், காப்பி-பேஸ்ட் என்றுதான் பதில் வரும். ஒரு கிளிப்பில் கலரைச் சரி செய்ய வேண்டியது, அதைக் காப்பி பண்ண வேண்டியது, மீதி எல்லா கிளிப்பையும் தேர்ந்தெடுத்து ஒட்டிவிட வேண்டியது. அடோபி பிரீமியர் ப்ரோவில் இதற்குப் பெயர் ‘பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ்’. டாவின்சி ரிசால்வில் இன்னும் சுலபம், மவுஸின் நடுப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஐந்நூறு கிளிப் இருந்தாலும் சில நொடியில் வேலை முடிந்தது!

முடிந்தது கம்ப்யூட்டரின் வேலைதான். எடிட்டரின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கலர் கரெக்‌ஷன், கலர் கிரேடிங் என்று இரண்டு வார்த்தைகள் உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கரெக்‌ஷன் என்பது தவறைத் திருத்துவது. வெள்ளை வேட்டி மஞ்சளாகத் தெரிந்தால் வெள்ளையாக்குவது, இருட்டாக விழுந்த முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, பக்கத்துப் பக்கத்து ஷாட்களை ஒரே மாதிரி ஆக்குவது. கிரேடிங் என்பது அதற்குப் பிறகு படம் முழுவதற்கும் ஒரு தோற்றம் கொடுப்பது. முதல் வேலை கிளிப்புக்கு கிளிப் மாறும். இரண்டாவது வேலையை மொத்தமாகச் செய்யலாம். இந்த வரிசையை மாற்றுவது, டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமலே பேலன்ஸ் ஷீட் போட உட்காருவது மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும்.

ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். அதிகாலை முகூர்த்தம் மண்டபத்துக்குள், சுமார் 3200 கெல்வின் மஞ்சள் விளக்கில் நடக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு வெளியே, சுமார் 5600 கெல்வின் பகல் வெளிச்சத்தில். சாப்பாட்டுக் கூடத்தில் லேசாகப் பச்சை அடிக்கும் ட்யூப்லைட். ரிசப்ஷன் மேடையில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எல்.இ.டி. கேமராவும் ஒன்றல்ல, இரண்டு அல்லது மூன்று. நடுவில் யாராவது செல்போனில் எடுத்ததும் சேரும். அதில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே ஷாட்டுக்குள்ளேயே கலர் மாறும்.

இப்போது முகூர்த்த ஷாட்டின் மஞ்சளைக் குறைக்க நீலத்தைக் கூட்டுகிறார் எடிட்டர். சரி. அதே திருத்தத்தை வெளியே எடுத்த ஷாட்டுக்கும் ஒட்டினால்? அங்கே குறைக்க மஞ்சளே இல்லை. கூட்டிய நீலம் மொத்தமும் மாப்பிள்ளையின் முகத்தில் போய் உட்காரும். மென்பொருள் சொன்னதைச் செய்யும். “இது வேற லைட்டாச்சே” என்று அது கேட்காது.

“அப்படியென்றால் ஒவ்வொரு கிளிப்பாக உட்கார்ந்து செய்ய வேண்டுமா? டெலிவரி தேதி யார் பார்ப்பது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவ்வளவு கஷ்டம் தேவையில்லை. கிளிப்களை முதலில் கேமரா வாரியாக, வெளிச்சம் வாரியாகப் பிரித்தால் போதும். ஐந்நூறு கிளிப் எட்டு, பத்து கூட்டமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கிளிப்பைச் சரி செய்து, அந்தக் கூட்டத்துக்குள் மட்டும் ஒட்டலாம். ஒட்டிய பிறகு ஒருமுறை வரிசையாகப் பார்த்து, விலகி நிற்பதை மட்டும் கையால் திருத்தலாம். கடைசியில் மொத்தத் தோற்றத்துக்கு பிரீமியரில் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டால், கீழே உள்ள எல்லா கிளிப்புக்கும் அது பொருந்தும். ரிசால்வில் இதற்கென்றே ‘குரூப்’ வசதி இருக்கிறது. கூட்டத்துக்குப் பொதுவான திருத்தம் தனி, அந்த ஒரு கிளிப்புக்கான திருத்தம் தனி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். தானாகவே ஷாட்களைப் பொருத்தித் தரும் வசதியும் இரண்டிலும் வந்துவிட்டது. ஆனால் ஒரு ஷாட் முழுக்கச் சிவப்புப் பட்டுப்புடவை, அடுத்த ஷாட் முழுக்க வாழை இலை என்றால் அது தடுமாறும். அதை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் தொழில்நுட்பம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: தோலின் நிறம்.

கோடக் நிறுவனம் பல ஆண்டுகள் புகைப்பட லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. ‘ஷிர்லி கார்டு’ என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்பு நிறத்தவர்களின் முகம் விவரம் இல்லாமல் இருண்டு போனது. பல நிறத்தவர்களும் இருக்கும் அட்டைகள் பரவலாக வந்தது 1990களில்தான்.

அது ஃபிலிம் காலம், போய்விட்டது. இன்று அட்டை இல்லை. அதற்குப் பதில் எடிட்டரின் கையில் ஸ்லைடர் இருக்கிறது. நம் ஊர் கல்யாண வீடியோக்களில் பலவற்றிலும் நடப்பது என்ன? ஒரே திருத்தத்தை எல்லா கிளிப்புக்கும் ஒட்டி, எல்லோரையும் இரண்டு படி வெளுப்பாக்குவது. மாநிறப் பெண் ரோஸ் நிறமாகிறாள். கறுத்த அப்பா சாம்பல் பூசியது போல ஆகிறார். கூடவே மல்லிகைச் சரம் பூப்பூவாகத் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிறது, தங்கம் பித்தளை போல வெளிறுகிறது. “கஸ்டமர் கேட்கிறார்கள்” என்று காரணம் சொல்கிறார்கள். சிலர் கேட்கலாம். கேட்காதவர்களுக்கும் செய்வதுதான் பிரச்சினை. கறுப்பை ஒரு பிழையாக எண்ணி ‘கரெக்ட்’ செய்ய யார் சொன்னது?

வேடிக்கை என்னவென்றால், மென்பொருளுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில். கறுப்போ சிவப்போ, சரியாகப் பதிவான மனிதத் தோல் பெரும்பாலும் அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் நிற்கும். வேறுபடுவது முக்கியமாக வெளிச்சத்தின் அளவும் நிறத்தின் அடர்த்தியும்தான். ஆகவே சரியான திருத்தம் என்பது முகத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவருவது, வெள்ளையாக்குவது இல்லை.

ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலை போட்டு ஸ்டூடியோக்கள் மட்டும் வாங்கிய டாவின்சிக்கு, 2011-இல் இலவசப் பதிப்பே வந்துவிட்டது. கருவி எல்லோர் கைக்கும் வந்தாகிவிட்டது, இனி பார்க்கும் கண்தான் வேண்டும். ஒரு வீட்டுக் கல்யாண வீடியோ முப்பது வருஷம் அந்தக் குடும்பத்தில் இருக்கும். அதற்குள் பாட்டி போயிருப்பார், தாத்தா போயிருப்பார். பேரப் பிள்ளைகளுக்கு அவர்கள் எந்த நிறத்தில் இருந்தார்கள் என்று சொல்ல அந்த வீடியோ ஒன்றுதான் மிஞ்சும். ‘செலக்ட் ஆல்’ கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது.