எண்ணிக்கையில் விடுபட்டவர்



பொருளாதாரம் என்றாலே நம்மவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. பட்ஜெட், பணவீக்கம், வட்டி விகிதம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், சரக்கு வாங்க வந்தவர்கூட "அப்புறம் வருகிறேன்" என்று கிளம்பிவிடுகிறார். ஆனால் அதே பொருளாதாரத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருவர் நம் திருமானூர் ஒன்றியத்திலேயே வாழ்ந்திருக்கிறார். 1680-ல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவரைத்தான் சொல்கிறோம். தேம்பாவணி பாடியவரும், சதுரகராதி தொகுத்தவரும் அவரே. அவர் எழுதிய பரமார்த்த குரு கதை 1822-ல் லண்டனில் அச்சேறியது. அதைக் குழந்தைகள் புத்தகம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்மைக் கேட்டால், ஒவ்வொரு மளிகைக் கடையிலும் பேரேட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய புத்தகம் அது.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். 'சுர்' என்று சீறுகிறது, ஆறு விழித்திருக்கிறதாம்! பிறகு அணைந்துபோன அதே கட்டையை மறுபடி வைத்துப் பார்க்கிறார்கள். சத்தம் இல்லை; ஆறு தூங்கிவிட்டதாம்!

சிரிப்பு வருகிறது அல்லவா? பத்து ரூபாய் நாணயத்தை நினைத்துப் பாருங்கள். "செல்லாது" என்று ஒரு வதந்தி கிளம்பியது. பஸ்ஸில் வாங்கவில்லை என்று கடைக்காரர் மறுத்தார்; கடையில் வாங்கவில்லை என்று கண்டக்டர் மறுத்தார். ஒரே அணைந்த கட்டையை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். புழக்கத்தில் உள்ள 14 வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ல் அறிக்கையே விட்டது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் அந்த நாணயம் கல்லாவின் மூலையில்தான் கிடந்தது. ஐந்நூறு நாணயம் முடங்கினால் ஐயாயிரம் ரூபாய் முதல் முடங்கியது என்று பொருள்.

இன்னொரு கதையில், வாடகைக்கு மாடு பிடித்துப் போகிறார்கள். வெயில் தாங்காமல் குரு அந்த மாட்டின் நிழலில் ஒதுங்குகிறார். மாட்டுக்காரனோ, "மாட்டுக்கு வாடகை வேறு, நிழலுக்கு வாடகை வேறு" என்கிறான். இன்று நம் கடைகளில், போனில் வந்த பணத்தை "இவ்வளவு ரூபாய் வந்தது" என்று உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதற்குப் பலரிடம் மாத வாடகை பிடிக்கிறார்கள். பணம் நம்முடையது, அதன் சத்தத்துக்கு வாடகை! வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று உடனே சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

எல்லாவற்றிலும் பெரிய பாடம் அக்கரையில் இருக்கிறது. ஆற்றைக் கடந்ததும் ஆள் சரியாக இருக்கிறதா என்று சீடர்கள் எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு ஆள் குறைகிறது. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

சிறு வியாபாரியின் லாபக் கணக்கும் இதே மாதிரிதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் நாள் விற்பனை 8,000 ரூபாய். சராசரி 10 சதவீதம் கிடைத்தால் 800. வாடகை 100, மின்சாரம் 50, வண்டிக்கூலி 80, எலி கடித்தது, சிந்தியது, காலாவதியானது 70. ஆகச் செலவு 300 போக மிச்சம் 500. "தினம் ஐந்நூறு லாபம்" என்று கடைக்காரர் நிம்மதியாகப் படுக்கிறார்.

ஆனால் எண்ணாமல் விட்ட ஆட்கள் யார்? காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை நிற்கும் அவர். சரக்கு எடுக்க அவர் போகும்போதும், சாப்பிட உட்காரும்போதும் கடையைப் பார்த்துக்கொண்டு, பருப்பு பொட்டலம் போட்டு வைக்கும் அவர் மனைவி. இருவருக்கும் சேர்த்து 20 மணி நேர உழைப்பு. சரக்கில் போட்ட சொந்த முதல் 3 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் நாளுக்கு ஏறத்தாழ 100 ரூபாய். அதையும் கழித்தால் மிச்சம் 400. மணிக்கு 20 ரூபாய்! இந்தக் கூலிக்கு வேறு ஆள் தேடினால் கிடைப்பாரா? கடை சொந்த இடத்தில் இருந்தால் வாடகையையும் எண்ணாமல் விடுகிறவர்கள் உண்டு.

பொருளியல் பாடநூல்கள் இதை 'வாய்ப்புச் செலவு' என்கின்றன. நம் உழைப்பையும் முதலையும் வேறு இடத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது, இங்கே நமக்குச் செலவு என்பது அதன் பொருள்.

"கணக்கில் எழுதினால் மட்டும் காசு கூடிவிடுமா?" என்று கேட்கலாம். கூடாதுதான். ஆனால் கூலியை எழுதிப் பார்த்தவருக்கு எந்தச் சரக்கு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்பது தெரியும். இருபது பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம் என்று வரும் குதிரை முட்டைகளைத் திருப்பி அனுப்பத் தைரியம் வரும். மாதக்கணக்கில் நிற்கும் கடன் பாக்கி, தன் மனைவியின் கூலியிலிருந்து கொடுத்த கடன் என்பது உறைக்கும். மொத்த வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். ஒரு மாதத் தவணைக்குக் கொடுத்த சரக்கின் வட்டியைக் கழிக்காமல் பார்க்கும் லாபம், பாதி லாபம்தான்.

முக்கியமாக, "படித்த பையன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான்" என்ற வருத்தத்தை எங்கும் கேட்கிறோம். தன் கூலியை எழுதாத கணக்கைக் காட்டி மகனைக் கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்? உண்மைக் கணக்கைக் காட்டினால், கடையை மாற்றி அமைத்து நடத்துவதா, விடுவதா என்று அவனும் நாமும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.

கதையில், வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு அடி கொடுத்து எண்ணிக் காட்டினான். நமக்கு அந்த அடியும் வேண்டாம், அந்தச் செலவும் வேண்டாம். இந்த ஒரு மாதம் மட்டும் நாள் கணக்கில் வாடகைக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: 'எனக்கும் என் வீட்டாருக்கும் கூலி'. மாத முடிவில் மிச்சம் என்ன என்று பாருங்கள். சிரிப்பு வந்தால் நமது சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள், சேர்ந்து சிரிப்போம். சிரிப்பு வராவிட்டால் கட்டாயம் வந்து சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.