மாவு மூட்டையும் மண்கரையும்

ஆற்று வெள்ளத்தைத் தடுக்க மண் சுமந்தவர்களின் பாட்டைக் கேட்பதற்கு, கரையின் புல் சரிவிலேயே மக்கள் வந்து அமர்கிறார்கள். அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஹெலினா என்ற சிற்றூரில் அக்டோபர் மாதம் நடக்கும் கிங் பிஸ்கட் ப்ளூஸ் இசை விழாவைத்தான் சொல்கிறேன். கரைக்கு அப்பால் ஆறு; இப்பால் மேடையும், செர்ரி தெருவின் பழைய செங்கல் கட்டடங்களும். 1986-இல் முதல் விழா நடந்தபோது மேடை என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு லாரியின் திறந்த தளத்தில் நின்று பாடினார்கள், ஒரே நாளில் முடிந்துவிட்டது. பின்னர் அது பல நாள் விழாவாகி, கடல் கடந்தும் ஆட்கள் வரும் அளவுக்கு வளர்ந்தது. இப்போது அந்த ஊரின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. விழா நாட்களில் மட்டும் அது தன் பழைய உருவத்தை நினைவுபடுத்திக்கொள்கிறது. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கெங்கும் இத்தகைய கரைகளை எழுப்பியதில் பெரும்பங்கு கறுப்பினத் தொழிலாளர்களுடையது. கோவேறு கழுதைகளை ஓட்டி, கூடார முகாம்களில் படுத்து, மேஸ்திரியின் துப்பாக்கிக்கு முன்னால் மண் கொட்டியவர்கள் அவர்கள். சிறைக் கைதிகளும் அவர்களுக்குள் உண்டு. தனியொருவனாக நீட்டி முழங்கி, பக்கத்து ஆளுக்கு எட்டும்படி அவர்கள் எழுப்பிய குரலில் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் ஒரு வேர் இருக்கிறது என்று இசையறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த வகைக் கரையொன்றின் மீதுதான் இன்று மடக்கு நாற்காலிகள் வரிசையாக விரிகின்றன.

இந்த விழாவின் பெயர் ஒரு கோதுமை மாவின் பெயர். அதை விளங்கிக்கொள்ள 1941 நவம்பருக்குப் போக வேண்டும். ஹெலினாவில் கே.எஃப்.எஃப்.ஏ. என்ற சிறிய வானொலி நிலையம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மவுத் ஆர்கன் வாசிக்கும் ரைஸ் மில்லரும், கிதார் கலைஞரான இளைஞர் ராபர்ட் லாக்வுட்டும் தாங்கள் பாட இடம் கேட்டு அங்கே போனார்கள். விளம்பரம் தருபவர் ஒருவர் கிடைத்தால் பாடலாம் என்றார்கள். ஊரிலேயே இருந்த இன்டர்ஸ்டேட் குரோசர் என்ற மளிகை மொத்த வணிக நிறுவனம் தன் கிங் பிஸ்கட் மாவை விற்பதற்காக அந்த நேரத்தை ஏற்றுக்கொண்டது. மதியம் 12:15 மணி. பருத்திக் காட்டில் வேலை செய்வோர் உணவுக்காக ஒதுங்கும் வேளை அது. மில்லர் வானொலியில் 'சன்னி பாய் வில்லியம்சன்' ஆனார். அந்தப் பெயரும் அவருடையது அன்று. சிகாகோவில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த வேறொரு மவுத் ஆர்கன் கலைஞரின் பெயர். இரவல் பெயரில், மாவு விற்பதற்காகப் பாடப்பட்ட அந்தப் பாட்டுக்களை ஆற்றின் இருகரையிலும் உள்ள தோட்டங்களில் இருந்தவர்கள் கேட்டார்கள். பிற்காலத்தில் உலகமே அறிந்த பி.பி. கிங் அவர்களில் ஒருவர். தங்கள் இனத்தவரின் குரல் அந்த வட்டாரத்தில் வானலையில் வருவதை நாள்தோறும் கேட்பது அதுதான் முதன்முறை. விற்பனை கூடியது. சிறிது காலத்தில் அந்த நிறுவனம் 'சன்னி பாய்' என்றே சோளமாவு ஒன்றையும் வெளியிட்டது. மூட்டையின் மேல், சோளக்கதிர் மீது உட்கார்ந்து மவுத் ஆர்கனோடு அவர் படம். பாடகர்களுக்கோ வேறொரு கணக்கு இருந்தது. அன்றிரவு எந்த ஊரில், ஜூக் ஜாயிண்ட் எனப்படும் எந்த ஆட்டவிடுதியில் தாங்கள் வாசிக்கப் போகிறோம் என்பதை ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொண்டார்கள். மாவு பாட்டை வைத்து வாழ்ந்தது, பாட்டு மாவை வைத்து வாழ்ந்தது.

ஆனால் அந்த மதிய உணவு வேளையே அதிக காலம் நிலைக்கவில்லை. 1944-இல், ஆற்றுக்கு மறுகரையில் கிளார்க்ஸ்டேலை அடுத்த ஹாப்சன் தோட்டத்தில், ஒரு பருத்தி விளைச்சல் முழுவதையும் இயந்திரங்களே எடுத்து முடித்தன. காட்டுக்கு ஆள் தேவைப்படுவது குறையக் குறைய, கேட்பதற்கு ஆள் இருப்பதும் குறைந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் பெயர்ந்தார்கள். கிளார்க்ஸ்டேலுக்கு அருகில் ஸ்டோவல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே இரைச்சலுக்கு மேலே எழுவதற்காகக் கிதார் மின்சாரம் பெற்றது. பின் வந்த இளந்தலைமுறைக்கு அந்த ஒலியும் பழையதாயிற்று. அவர்கள் சோல் இசைக்குப் போனார்கள். பிறந்த வீட்டில் இடம் குறைந்த பாட்டை ஐரோப்பிய இளைஞர்கள் தேடிப் பிடித்தார்கள். 1963-இல் சன்னி பாய் ஐரோப்பிய நகரங்களில் ப்ளூஸ் விழாவோடு சுற்றி, லண்டனில் யார்ட்பேர்ட்ஸ் என்ற இளைஞர் குழுவோடு சேர்ந்து வாசித்தார். அத்தனை கைதட்டலுக்கும் பின்பு அவர் ஹெலினாவுக்கே திரும்பி, அதே 12:15 நிகழ்ச்சியில் மறுபடியும் உட்கார்ந்தார். 1965 மே 25 அன்று நிலையத்துக்கு அவர் வரவில்லை. பல ஆண்டுகள் உடன் வாசித்த டிரம் கலைஞர் பெக் கர்டிஸ் தேடிப்போனபோது, தங்கியிருந்த அறையில் இறந்து கிடந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற ஊரருகே அவரைப் புதைத்தார்கள். அந்த ஊர் ரயில் நிலையத்தில்தான், 1903 வாக்கில், கத்தியைத் தந்தியில் வைத்து அழுத்திக் கிதார் வாசித்த பெயரறியாத ஒருவரைத் தாம் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி எழுதினார். கேட்டதை எழுதியவரின் பெயர் சிலையும் பூங்காவுமாக மெம்பிஸில் நிற்கிறது. வாசித்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அக்டோபர் அந்தப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் காலம். அதனாலேயே கணக்குத் தீர்க்கும் காலமும்கூட. வாரத்துக்கு உழுத குடும்பங்கள் ஆண்டு முழுவதும் பண்ணைக் கடையில் கடன் வாங்கி, விளைச்சல் முடிந்ததும் முதலாளி எழுதிய ஏட்டில் உள்ளதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1919-இல் ஹெலினாவை உள்ளடக்கிய பிலிப்ஸ் மாவட்டத்தின் கறுப்பின வாரக்குடிகள் சங்கம் அமைத்து, பருத்திக்கு நியாயமான விலையும் நேர்மையான கணக்கும் கேட்கத் துணிந்தார்கள். செப்டம்பர் 30 இரவு எலெய்ன் ஊருக்கு அருகே ஒரு தேவாலயத்தில் கூடியிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் ஆயுதக் கும்பல்களும் படையினரும் நடத்திய வேட்டையில் இறந்த கறுப்பர்களின் எண்ணிக்கை இன்றும் விவாதத்தில் உள்ளது; நூற்றுக்கணக்கில் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. வெள்ளையரில் இறந்தவர் ஐவர். ஹெலினா நீதிமன்றத்தில் பன்னிரண்டு கறுப்பர்களுக்கு மரண தண்டனை எழுதப்பட்டது. நடுவர்கள் அதை முடிவுசெய்ய எடுத்துக்கொண்டது நிமிடக் கணக்குத்தான். ஸ்கிப்பியோ ஜோன்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் முன்னின்று நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1923-இல் அந்த நீதிமன்றம் அந்த விசாரணைகளின் நியாயத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. இறுதியில் பன்னிருவரும் விடுபட்டார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே நினைவுச் சின்னம் எழ நூறாண்டு ஆயிற்று. 2019-இல்தான் அது திறக்கப்பட்டது. விழாவுக்கு வருவோரில் எத்தனை பேர் செர்ரி தெருவிலிருந்து அங்கே நடந்து போகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் அந்த விழாவின் நினைவாற்றலை நான் அளப்பேன். அதே மண்ணில் விளைந்த பாட்டில் கூலியும் கடனும் முதலாளியும் ஓடிப்போகும் ரயிலும் திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டவர்களுக்கு, அந்த நினைவுச் சின்னம் தொலைவில் இல்லை.

நமக்கு இதில் என்ன உறவு என்று கேட்கத் தோன்றலாம். பருத்திதான் அந்த உறவு. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகைக்கு உள்ளானபோது, லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்கு இந்தியாவை நாடின. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுப் பருத்திக்கு அதுவரை காணாத விலை வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பொதிகள் கப்பலேறின. அதே போரில், 1863 ஜூலை 4 அன்று ஹெலினாவைத் திரும்பப் பிடிக்க வந்த தென் படையை வட படை முறியடித்தபோது, அடிமைத்தளையை விட்டு ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரிலேயே தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்தப் போரின் கால அளவே நம் காட்டு விலையின் கால அளவாக இருந்தது; அது ஓய்ந்ததும் இங்கே விலை சரிந்தது. மிசிசிப்பியின் வண்டல் மண்ணில் ஒருவன் விடுதலை பெற்றதும் கோவில்பட்டிக் கரிசலில் ஒருவனுக்குக் கடன் ஏறியதும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். அந்தப் பேரேட்டின் வாரிசுகள் நாம். ஹெலினாவின் மேடையைத் தொலைதூர வேடிக்கையாக மட்டும் பார்க்க நமக்கு உரிமை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் பாட்டைப் போற்ற ஊர்தோறும் உள்ள ப்ளூஸ் சங்கங்கள், பாட்டைப் பிறப்பித்த வாழ்க்கை கலைந்த பிறகு வந்தவை. மெம்பிஸ் நகரின் ஃபர்ரி லூயிஸைப் பார்த்தால் இது விளங்கும்; அவர் 1920-களின் இறுதியில் இசைத்தட்டுக்களுக்குப் பாடியவர். பிறகும் பல பத்தாண்டுகள் அதே நகரத்தின் தெருக்களைக் கூட்டும் வேலையில் இருந்தார். அவர் துடைப்பத்தோடு நின்ற வீதிகளில் அவரைத் தேடி இளைஞர்கள் வந்தது 1959-க்கு மேல். 1960-களின் பின்பாதியில் ஓவர்டன் பூங்காவில் அந்த நகரம் தன் கிராமிய ப்ளூஸுக்கு விழா எடுத்தபோது மேடையேறியவர்களில் அவரும் இருந்தார். ப்ளூஸ் ஃபவுண்டேஷன் மெம்பிஸில் தொடங்கப்பட்டது 1980-இல். அதனோடு இணைந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்ச் சங்கங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. ஹெலினாவிலும் சன்னி பாய் பெயரில் ஒரு சங்கம் உண்டு. ஹெலினாவில் விழா தொடங்கிய காலத்தையும் பார்க்க வேண்டும்: பக்கத்து வெஸ்ட் ஹெலினாவில் ஏராளமானோர்க்கு வேலை தந்த ரப்பர் ஆலை 1979-இல் மூடிய பின், தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட காலம் அது. முன்பு மாவு விற்கப் பாடியது பாட்டு. இப்போது ஊரை விற்கப் பாட வேண்டியதாயிற்று. பெயர் உரிமைச் சிக்கலால் 2005 முதல் சில ஆண்டுகள் விழா வேறு பெயரில் நடக்க நேர்ந்ததும் இதே கதையின் தொடர்ச்சி. 2020-இல் பெருந்தொற்றால் விழா ரத்தானபோது இது முடிந்துவிட்டதோ என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கவலை எனக்குப் புதிதாகப் படவில்லை. பாட்டு எப்போதும் ஏதோ ஒன்றிடம் கூலிக்கு நின்றிருக்கிறது. கூலி கொடுத்தவர்கள்தான் ஒவ்வொருவராக மறைந்தார்கள். மளிகை நிறுவனம் போனது, இசைத்தட்டு நிறுவனங்கள் போயின, ஜூக் ஜாயிண்டுகளில் பெரும்பாலானவை போயின. 12:15 நிகழ்ச்சியை 1951 முதல் 2018-இல் இறக்கும்வரை 'சன்ஷைன்' சன்னி பெய்ன் நடத்தினார். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்புக்கள் அவருடைய நிகழ்ச்சியின் கணக்கில் இருந்தன.

சங்கங்கள் தாமதமாக வந்தவை என்பதால் அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கூட்டம், சிறு கச்சேரி, நிதி திரட்டும் விருந்து, மெம்பிஸில் நடக்கும் உலகப் போட்டிக்குத் தங்கள் ஊரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது என்று ஓசையில்லாத வேலைகள் அவை. முதுமையில் காப்பீடு இல்லாமல் மருத்துவமனைக்குப் போகும் கலைஞருக்கும், இறந்தவரின் அடக்கச் செலவுக்கும் உதவ ப்ளூஸ் ஃபவுண்டேஷன் வைத்திருக்கும் நிதி, ஃபர்ரி லூயிஸின் காலத்தில் இல்லாத ஒன்று. ஆனால் இந்த அவைகளில் உட்கார்ந்திருப்போரில் பெரும்பான்மை நரைத்த தலைகள், அவர்களிலும் பெரும்பான்மை வெள்ளையர். பாட்டைப் பெற்றவர்களின் பேரக்குழந்தைகள் அங்கே குறைவு. இது என்னை வருத்துகிறது. ஒரு மரபைப் போற்றும் கூட்டமும் அந்த மரபின் குருதியுறவும் வெவ்வேறு தெருக்களில் குடியிருந்தால், விழா எத்தனை சிறப்பாக நடந்தாலும் அதன் நடுவில் ஓர் இடம் காலியாகவே இருக்கும்.

அந்த இடத்தை நிரப்பும் வேலை விழா மேடையில் நடப்பதில்லை. கிளார்க்ஸ்டேலில் 1979-இல் பொது நூலகத்தால் தொடங்கப்பட்ட டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பின் ப்ளூஸ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்களை நடத்துகிறது. சொல்லித்தருபவர்கள் அந்த வட்டாரத்திலேயே வாசித்துப் பிழைத்த கலைஞர்கள். 1999-இல் அதே ஊரில் பிறந்த கிறிஸ்டோன் இங்க்ரம் அங்கே சிறுவனாகப் போய்க் கற்றார். ஆசிரியர் ஒருவர் வைத்த 'கிங்ஃபிஷ்' என்ற பெயரே நிலைத்தது. 2022-இல் கிராமி விருது பெற்ற அவருடைய இசைத்தொகுப்பின் பெயர் '662'. வடக்கு மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டு எண் அது. அவருக்கு முன்னும் பின்னும் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் பலர் மேடைக்கு வரவில்லை, வரவும் போவதில்லை; தாத்தாவின் வீட்டில் கேட்ட ஒலிக்குத் தங்கள் விரலில் இடம் கொடுத்துவிட்டு அவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு சங்கத்தின் நிதி குறையும் ஆண்டில், பெரிய பெயர் ஒன்றைச் சுவரொட்டியில் போடுவதா, வகுப்புக்குப் பத்துக் கிதார் வாங்குவதா என்ற கேள்வி வரும்போது, கிதாருக்கே பணம் போக வேண்டும். விழா ஓராண்டு லாரித் தளத்திலேயே நடந்தாலும் சரி.