முதலில் மூச்சு

ரயில் நிலையச் சுவரில் தீயணைக்கும் கருவி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், 'ரெட் லைன்' நிலையங்கள் சிலவற்றில் 2024-ல் இன்னொரு பெட்டியும் வைத்தார்கள். உள்ளே இருப்பது 'நாலாக்ஸோன்' என்ற மருந்து, மூக்கில் பீச்சுவது.

எதற்கு என்கிறீர்களா? ஹெராயின், ஃபென்டனைல் போன்ற அபின் இனத்துச் சரக்குகள் அளவு மீறினால், மூளை மூச்சுவிடவே மறந்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வரும் வரை பிராணன் காத்திருக்குமா? இந்த மருந்து இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சைத் திருப்பிவிடும். பக்கத்தில் நிற்கிற யாரும் கொடுக்கலாம். மயக்கத்துக்குக் காரணம் வேறாக இருந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் இதன் வேகம் தணிந்துவிடும்; ஆகவே ஆம்புலன்ஸையும் கூப்பிடத்தான் வேண்டும்.

"போதைக்காரனுக்கு இப்படி இடம் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு. அந்த நாட்டில் 2022-ல் மட்டும் அளவு மீறிய போதையால் மாண்டவர்கள் லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே?

கிணற்றில் விழுந்தவனை முதலில் தூக்குவோம். ஏன் விழுந்தாய் என்று பிறகு கேட்போம். திருந்துவதற்கும் உயிர் வேண்டுமே, அம்மா!