எந்தக் கம்பனி ஐபோன் கொண்டு வரும் என்பதா நமது கேள்வி?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையோடு வாசியுங்கள். குறிப்பாக, வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்கள் வாசியுங்கள்.

செப்டம்பர் மாதம் வந்தால் போதும், நம் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. புதிய ஐபோனை டயலொக் முதலில் கொண்டு வருமா, மொபிடெல் முந்துமா, ஹட்ச்சும் இந்த முறை இறங்குமா, யார் எத்தனை மாதத் தவணைக்குக் கொடுப்பார்கள்? ஒருவருடைய மச்சான் கம்பனியில் வேலை செய்கிறாராம், அவருக்கு லிஸ்ட் வந்துவிட்டதாம். இன்னொருவர் அது பொய் என்பார். இரவு பன்னிரண்டு மணி வரை இது ஓடும். மறுநாள் காலை முதல் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்ப்பது ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

இந்தப் பேச்சால் கம்பனிக்கு லாபம். விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டிய காசை நாம் நம் டேட்டாவில் மிச்சப்படுத்திக் கொடுக்கிறோம். நமக்கு என்ன கிடைக்கிறது? போனைக் கையில் வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுகூட நம் வாயில் வருவதில்லை.

இந்த ஊகப் பேச்சைப் பெரிதாக நடத்திக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் முதல் ஐபோனைக் காட்டியபோதே அது ஒரே ஒரு கம்பனிக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அன்று சிங்குலர் என்று இருந்து, பிறகு ஏடி அண்ட் டி ஆன கம்பனி. ஜூன் 29 ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. விலை 499 டொலர், 599 டொலர். அதற்கு மேல் இரண்டு வருட ஒப்பந்தம். செப்டம்பர் வந்ததும் 599 டொலர் போன் 399 டொலர் ஆனது. வரிசையில் நின்று முதலில் வாங்கியவர்கள் கொதித்தெழ, 100 டொலருக்குக் கடைக் கழிவு கொடுத்துச் சமாளித்தார்கள்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாக அந்த நாட்டில் ஒரே கேள்வி: வெரைசனுக்கு ஐபோன் எப்போது வரும்? பத்திரிகைகள் எழுதின, பங்குச்சந்தைக்காரர்கள் ஆரூடம் சொன்னார்கள். கடைசியில் 2011 பெப்ரவரி 10 ஆம் திகதி வந்தது. வந்தது எப்படிப்பட்ட போன்? வெரைசனின் வலையமைப்பு சிடிஎம்ஏ வகை. அதற்கென்று செய்த ஐபோன் 4 இல் சிம் போடும் இடமே இல்லை. அழைப்பில் இருக்கும்போது அந்த வலையமைப்பில் டேட்டா ஓடாது. ஐந்து மாதத்தில், ஜூலையில், புதிய வாடிக்கையாளருக்கு அளவில்லா டேட்டாவை வெரைசன் நிறுத்தியது. ஒக்டோபரில் ஐபோன் 4எஸ் வந்து அந்தப் போனைப் பழசாக்கியது. மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

பிறகு ஸ்பிரின்ட், 2013 இல் டி-மொபைல் என்று பெரிய கம்பனிகள் எல்லாவற்றுக்கும் ஐபோன் வந்தது. ஊகத்துக்கு வேலை முடிந்தது. பூட்டு முடிந்ததா? இல்லை. அந்த 2013 ஜனவரியில்தான், அன்றிலிருந்து வாங்கும் போனைக் கம்பனியின் அனுமதியின்றித் திறப்பது அமெரிக்காவில் சட்டவிரோதமானது. தன் காசு கொடுத்து வாங்கிய போனில் வேறு சிம் போடுவது குற்றம்! அப்போதுதான் மக்கள் சரியான கேள்வியைக் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளை மாளிகைக்கான மனுவில் கையெழுத்திட்டார்கள். 2014 ஓகஸ்ட் 1 ஆம் திகதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது. மூன்று வருட ஊகத்தால் சாதாரண மனிதனுக்கு ஒரு சதம் பிரயோசனம் இல்லை. ஒரு மனு சட்டத்தை மாற்றியது.

ஜப்பானிலும் இதே கதை. 2008 இல் சொஃப்ட்பேங்க், 2011 இல் கேடிடிஐ, 2013 இல் டொகோமோ என்று கம்பனி கம்பனியாக ஐபோன் வந்தது. ஆனால் புதிய போன்களைப் பூட்டி விற்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2021 ஒக்டோபரில்தான்.

"சேர், அமெரிக்கா ஜப்பான் கதை நமக்கு எதற்கு? நாம் போனை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு இடத்திலும் வாங்குகிறவர்கள்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அங்கே பூட்டிய போன்கள் பழசானதும் வந்து சேரும் இடங்களில் நம் கடைத்தெருவும் ஒன்று. புதுப் போனுக்குக் கட்டுப்படியாகாத தம்பிமார் தேடிப் போவது அவற்றைத்தான். பூட்டைத் திறக்காமலே, சிம்மோடு சேர்த்து ஒரு மெல்லிய சிப்பை உள்ளே வைத்து வேலை செய்ய வைத்துக் கொடுக்கிறார்கள். கடையில் சிக்னல் நான்கு கோடும் நிற்கும். ஒரு நாள் போனை அப்டேட் செய்ததும் வலையமைப்பு மறைந்துவிடலாம். பிறகு அது படம் எடுக்கும் கண்ணாடித் துண்டு.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகள். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வகைகள் சவூதி, கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் சிம் போடும் இடம் இல்லாமலே விற்கப்படுகின்றன. இ-சிம் மட்டும்தான். வாப்பா ரியாதில் வியர்வை சிந்திய காசில் வாங்கி அனுப்பும் போனில், மகன் ஊரில் பாவிக்கும் சிம்மைச் செருக வழியில்லை. "எந்தக் கம்பனி?" என்று கேட்பதில் அர்த்தம் இருப்பது இங்கேதான்: எந்தக் கம்பனி இந்தப் போனுக்கு இ-சிம் தரும், என்ன கட்டணம், போன் தொலைந்தால் அதே இலக்கத்தை எப்படித் திரும்பப் பெறுவது? இதைக் குழுவில் யாராவது கேட்டார்களா?

மூன்றாவது, தவணை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதுவரை விலக்கில் இருந்த கையடக்கத் தொலைபேசிகளும் அதில் சேர்ந்துவிட்டன. விலை ஏற ஏறத் தவணை விளம்பரத்தின் எழுத்தும் பெரிதாகிறது. "வட்டியில்லை" என்ற சொல்லைக் கண்டதும் நாம் நிம்மதியடைந்து விடுகிறோம். ஒரு தாளில் கைக்காசு விலையை எழுதுங்கள். பக்கத்தில் மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, ஆரம்பக் கட்டணத்தையும் கூட்டி எழுதுங்கள். உதாரணத்துக்கு, கைக்காசு மூன்று லட்சம். மாதம் 15,000 வீதம் 24 மாதம் என்றால் மூன்று லட்சத்து அறுபதாயிரம். இடையில் நிற்கும் அறுபதாயிரத்துக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று ஆலிம்களிடம் கேளுங்கள். அது எவ்வளவு என்பதையாவது கையெழுத்துப் போடும் முன்பு நாமே கணக்குப் பார்க்கலாம். ஆறாம் வகுப்புக் கணக்குத்தான்.

"சும்மா பொழுதுபோக்குக்குப் பேசுவதில் என்ன குற்றம்?" என்கிறார்கள். பேசுங்கள். கிரிக்கெட் பேசுவது போலப் பேசிவிட்டு விட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு முடியும் இடம் உம்மாவின் காதில் கிடக்கும் கம்மல் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி குறைவில்லை. ஒரு போனின் கெமராவைப் பற்றி அரை மணி நேரம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அதன் ஒப்பந்தத்தில் உள்ள சிறிய எழுத்தை வாசிக்க நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே, போன் வாங்கப் போகும் எவரும் இந்த நான்கையும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

1. பூட்டு இருக்கிறதா? ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லொக் என்று ஒரு வரி இருக்கும். அங்கே "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்க வேண்டும். சிம் தட்டை வெளியே எடுத்து, உள்ளே சிப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பதிவான போனா? *#06# அழுத்தினால் ஐஎம்இஐ இலக்கம் வரும். அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபாருங்கள்.

3. உத்தரவாதம் யாருடையது? கம்பனியினதா, கடைக்காரரின் வாய்ச்சொல்லா? பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. தவணை என்றால் மொத்தம் எவ்வளவு? இரண்டு மாதம் கட்டத் தவறினால் என்ன நடக்கும்?

பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள், அது யாருடைய மச்சானின் கடையாக இருந்தாலும் சரி.

இந்தப் பதிவைப் பகிர முன்பு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இப்போது இருக்கும் ஐபோனை எடுத்து முதலாவது கேள்வியைப் பாருங்கள். பூட்டு என்று காட்டினால், வாங்கிய கடைக்கு பில்லோடு நாளைக்கே போங்கள். என்ன பதில் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.