கெடு தவறிய மனு



ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு, வண்டி நகர்ந்த பின் ஓடிவந்து நிற்பவரின் முகம் புதியதன்று. ஆயினும் அம்முகத்தைச் சென்ற மாதம் ஆரியங்கோட்டில் நம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டோம். நான்கு வீடு தள்ளி வசிக்கும் அம்மையார் ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை நீட்டி, "மக்களே, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லு" என்றார்.

ஆஸ்திரேலியாவில் படிக்கச் சென்ற அவருடைய மகனின் விசா ரத்தாகிவிட்டது; அம்முடிவைத் தீர்ப்பாயமும் உறுதி செய்துவிட்டது. இதுவே கடிதத்தின் சாரம். தேதியைப் பார்த்தோம். 54 நாட்கள் கடந்திருந்தன. வெட்கத்தால் மகன் வீட்டிற்குச் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போவதாகப் பணம் பெற்ற முகவரோ, "பொறு, பார்த்துக்கொள்கிறேன்" என்றே நாட்களைக் கழித்துவிட்டார்.

அந்நாட்டின் 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, இத்தகைய முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்ல 35 நாட்களே கெடு. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்தன்று, முடிவின் தேதியிலிருந்தே அந்நாட்கள் எண்ணப்படுகின்றன. பிரிக்காத கடிதத்திற்கும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை நம்மவர் பலரும் அறியார்.

கெடு தவறினால் கதவு அடியோடு அடைபட்டுவிடுமா? இல்லை. ஒரு காலத்தில் அப்படி அடைக்கவே முயன்றனர். அந்நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய ஹைகோர்ட்டுக்குச் செல்லவும், எக்காரணத்தாலும் நீட்ட முடியாததொரு கடைசி எல்லையைச் சட்டம் வகுத்திருந்தது. 2007ஆம் ஆண்டில் அந்த ஹைகோர்ட்டே அவ்விதி செல்லாது எனத் தள்ளியது. பிறர் செய்த வஞ்சகத்தாலோ தவற்றாலோ ஒருவன் தாமதப்பட நேரிடலாம். அதற்குச் சற்றும் இடங்கொடாத விதி அரசியல் சாசனத்திற்கு ஒவ்வாது என்பதே கருத்து. பின்னர், 2009ஆம் ஆண்டில் இன்றைய ஏற்பாடு வந்தது. 35 நாட்களுக்குப் பின் வருபவர், தாமதத்தின் காரணத்தை எழுத்து மூலம் கூறி அவகாசம் வேண்டலாம். நீதி பரிபாலனத்தின் பொருட்டு அது அவசியம் என்று நீதிமன்றம் கருதினால் கொடுக்கும்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. ரயில் விபத்திற்கு நஷ்டஈடு கோருவோர் ஓராண்டிற்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் ரயில்வே தீர்ப்பாயச் சட்டம். போதிய காரணம் காட்டினால் பின்னரும் ஏற்கலாம் என்றும் அதுவே கூறுகிறது. ஆனால் "தெரியாமற் போயிற்று" என்னும் ஒரு சொல் போதிய காரணமாகாது. எத்தனை நாள் தாமதம், அதற்கு அத்தாட்சி என்ன, வழக்கில் சாரம் உண்டா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். தாமத மனுவை விசாரிக்கும்போதே வழக்கின் பலத்தையும் ஆழ்ந்து நோக்கலாம் என 2022ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் தீர்ப்பளித்துள்ளது.

மனுப் போட்டதாலேயே தங்கும் உரிமை வந்துவிட்டதாகவும் எண்ணலாகாது. பிலோயெலா என்னும் ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதையை அன்பர்கள் அறிவீர்கள். அவர்களுடையது ரத்தன்று, இடைக்கால விசா முடிந்துபோன விவகாரம். 2018 மார்ச்சில் விடியற்காலை அவர்களைப் பிடித்துச் சென்றார்கள். 2019 ஆகஸ்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றினார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கையில் நீதிபதி ஒருவர் தொலைபேசி வாயிலாகத் தடையுத்தரவு பிறப்பிக்க, அது டார்வினில் இறங்கியது. பின்னர் கிறிஸ்துமஸ் தீவில் காவல். இளைய மகளின் விஷயத்தில் முறையான நியாயம் காட்டப்படவில்லை என்று 2020 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. 2022 ஜூனில் ஊர் திரும்பினர். ஆகஸ்டில் நிரந்தர விசா பெற்றனர். அந்த விசாவைத் தந்தது சர்க்கார். நீதிமன்றம் தந்தது அவகாசம். அவகாசம் மட்டும் இல்லாதிருந்தால் விசாவுக்கு இடமேது?

பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பியுள்ள குடும்பத்தாருக்கு நாம் சொல்வது இவ்வளவே. கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்க. கெடு எல்லாம் 35 நாள் என்று எண்ணற்க. நன்னடத்தைக் காரணத்தால் ரத்தானால், அதிகாரியின் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயம் செல்ல 9 நாட்களே உண்டு, அதை நீட்டவும் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமில்லை. முகவரின் வாய்ச்சொல்லை நம்பியிராமல் வக்கீலை நேரிற் காண்க. பணம் கொடுத்த ரசீது, அனுப்பிய செய்தி, வைத்தியர் சான்று ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்துக. தாமதத்திற்குச் சாட்சி சொல்பவை அவையே. கெடு தவறிப்போயிருப்பினும், இன்னும் ஒரு நாள் தவறவிடாதீர்கள்.

எல்லாவற்றினும் மேலாக, "என்ன நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அந்த அம்மையாரின் மகன் முதல் வாரத்திலேயே வாய் திறந்திருந்தால், இன்று தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

59ஆம் நாள் அவன் மனுத் தாக்கல் செய்தான். முகவருக்குக் கொடுத்த பணத்தின் ரசீதும், அனுப்பிய செய்திகளும் அவனிடம் இருந்தன. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அம்மையார் தினமும் மாலையில் வந்து, "ஏதும் வந்ததா மக்களே?" என்று கேட்டுப் போகிறார்.